பார்க்கலாம்

ஓராண்டுத் தமிழ்ச் சான்றிதழ்த் தேர்வில் அந்த மாணவி பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு 89. பாட்னாவில் பிறந்து வளர்ந்தவள். டெல்லியில் சமூகவியல் ஆய்வு செய்கிறவள். விழுப்புரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் டெல்லிக்கு வந்து, வடிகாலோரக் குடியிருப்பொன்றில் தங்கி, சுற்றியுள்ள அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்யும் பெண்களே அவளது ஆய்வுப் பொருள். அந்தப் பெண்கள் இந்தி நன்றாகவே பேசுவார்கள். ஆனால் அது வேலை செய்யும் வீட்டு அம்மாக்களிடம் பேசிப் பழகிய இந்தி. தங்களுக்குள் பேசத் தொடங்கியதும் அவர்கள் தமிழுக்கு மாறிவிடுவதை முதல் வருகையிலேயே அவள் கவனித்தாள். சம்பளத்தையும் மாமியாரையும் கடனையும் பற்றி எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்களோ அந்த மொழியில்தான் நேர்காணல் என்று முடிவெடுத்தாள். பாராட்டத்தக்க முடிவுதான். பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் தொடக்கமும் அதுவே.

தமிழ் கற்பித்த ஆசிரியர் நல்லவர், பாடத்தில் கண்டிப்பானவர். எழுத்து, புணர்ச்சி, வேற்றுமை உருபு, வினைமுற்று என்று வரிசையாக நடத்தினார். பேச்சுத் தமிழுக்குக் கடைசி ஆறு வாரங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வாரங்களில் அவர் மிகுந்த பெருமையோடு சொன்ன செய்தி ஒன்று அவள் குறிப்பேட்டில் இருமுறை அடிக்கோடிடப்பட்டிருந்தது: விடைபெறும்போது தமிழர்கள் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய் வருகிறேன்' என்றே சொல்வார்கள், வெறுமனே போகிறேன் என்பது அமங்கலம். இந்தியில் 'சல்தா ஹூன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் வழக்கத்தில் வளர்ந்தவளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

குடியிருப்புக்குப் போன முதல் நாள், ஒரு வீட்டு வாசலில் நின்று, "தயவுசெய்து எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் தருவீர்களா?" என்று கேட்டாள். ஒரு பிழை கிடையாது. ஒற்றுகூட இடம் மாறவில்லை. திண்ணையில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'நியூஸ் அக்கா' என்று பெயர். இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரையை அவள் முன்பே படித்திருந்தாள்; ஆனாலும் செய்தி வாசிப்பவரின் தமிழில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்பதே கேட்கும் முறை என்று அடுத்த வாரம் தெரிந்துகொண்டாள். 'தயவுசெய்து' செய்ய வேண்டிய வேலையை அங்கே 'கொஞ்ச'மும், வினையின் இறுதியில் வந்து ஒட்டும் 'ஏன்' என்ற அசையும் செய்துமுடித்துவிடுகின்றன. தண்ணீர் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று அந்தக் 'கொஞ்சம்' சொல்லவில்லை. பாடநூலில் அந்தச் சொல்லுக்கு 'சிறிதளவு' என்ற ஒரே பொருள்தான் தரப்பட்டிருந்தது.

தேநீர் கொடுத்தால் 'நன்றி' என்பாள். "எதுக்கு பாப்பா நன்றி? மேடையிலயா பேசுற?" என்று கேட்பார்கள். "நாம பீகார்ல மூணு வேளையும் சோறு சாப்பிட மாட்டோம்" என்று ஒருநாள் சொன்னாள். "நாம எப்ப பாப்பா பீகாருக்குப் போனோம்?" என்று கூட்டம் சிரித்தது. கேட்பவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் நாம், வெளியே நிறுத்தும் நாங்கள் என்ற பிரிவு இந்தியில் இல்லை, 'ஹம்' ஒன்றுதான். அதிலும் பீகார்ப் பேச்சில் தன் ஒருத்தியைக் குறிக்கவும் 'ஹம்' என்றே சொல்வார்கள். ஆக, அவள் வாயில் ஒரே சொல்லாக இருந்தது இங்கே மூன்றாகப் பிரிய வேண்டியிருந்தது. முன்னிலையிலோ சிக்கல் தலைகீழ். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படிகள். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டுதான். நடுவில் இருக்கும் 'தும்'மை எங்கே உட்கார வைப்பது? வேலை செய்யும் வீடுகளில் அந்தப் பெண்களை 'தும்' என்றும் சில வீடுகளில் 'தூ' என்றும் அழைப்பதை அவள் அறிவாள். ஆகவே எல்லோரையும், ஆறு வயதுப் பையன் உட்பட, 'நீங்க' என்றே அழைத்தாள். அந்தப் பையனோ தன் ஆயாவைக் கொஞ்சமும் தயங்காமல் 'நீ' என்றான். ஆயாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இவையெல்லாம் நடந்த மாதங்களை அவள் பிற்பாடு மிக இனிய மாதங்களாக நினைவுகூர்வாள். ஒவ்வொரு பிழையும் ஒரு சிரிப்பு, ஒரு தட்டுச் சோறு. ழகரத்தைப் பிள்ளைகள் தினமும் திருத்தினார்கள். எட்டு மாதங்களில் அவள் பேச்சு நன்றாகத் தேறிவிட்டது. 'வந்துக்கினு', 'இஸ்துகினு' என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். புதிதாக வருகிறவர்கள் "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார்கள். அதாவது, தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று. அவளுக்கு அது 89 மதிப்பெண்ணைவிடப் பெரிய சான்றிதழ்.

டெல் ஹைம்ஸ் 1966-இல் ஒரு கருத்தரங்கில் படித்து 1972-இல் அச்சான கட்டுரையில் மொழித்திறன் குறித்து நான்கு கேள்விகளை எழுப்பினார். ஒரு தொடர் இலக்கணப்படி இயலுமா, மனித மனத்தால் கையாள முடியுமா, அந்தச் சூழலுக்குத் தகுமா, உண்மையில் அப்படி யாரேனும் சொல்கிறார்களா. இலக்கண அறிவையே மொழித்திறனாகக் கொண்ட சோம்ஸ்கியின் வரையறையை விரிக்க எழுந்த கேள்விகள் இவை. 1980-இல் கனேலும் ஸ்வெயினும் இதை மொழி கற்பித்தலுக்கு ஏற்ற சட்டகமாக வளர்த்தெடுத்தார்கள். இன்று எந்த மொழிப் பாடத்திட்டத்தின் முன்னுரையிலும் 'தொடர்பாடல் திறன்' என்ற சொல் இருக்கும். தேர்வுத்தாளைப் பார்த்தால் முதல் கேள்வி மட்டும்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

குடியிருப்பில் அவளுக்கு மிகவும் நெருக்கமானவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண்மணி. அவள் அவரை அக்கா என்றே அழைப்பாள். முதல் நேர்காணல் அவருடையது; பிற வீடுகளுக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான். குளிர்காலத்தில் ஒரு நாள் அந்த அக்காவின் மாமியார் இறந்துபோனார். செய்தி கிடைத்ததும் மாணவி ஓடினாள். பெண்களோடு தரையில் அமர்ந்தாள். ஒப்பாரியின் சொற்கள் பாதிதான் விளங்கின. அழுகை வந்தது, அழுதாள். இரண்டு மணி நேரத்துக்குப் பின் எழுந்தாள். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையில்லை என்று எண்ணி அக்காவின் முன் குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெளிவான தமிழில், "போயிட்டு வரேங்க்கா" என்றாள்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரோரம் இருந்த ஒரு மூதாட்டி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரங்களும் யாரும் எதுவும் சொல்லவில்லை. போனால் "வேலை இருக்கு பாப்பா" என்றார்கள். அக்கா வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இறுதியில், ழகரம் திருத்திய பத்து வயதுப் பையன்தான் குழாயடியில் வைத்துச் சொன்னான்: "சாவு வூட்ல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுக்கா. மறுபடியும் சாவுக்கு வர்றேன்னு ஆயிடும்."

துக்க வீட்டில் 'வாங்க' என்று வரவேற்பதில்லை; விடைபெற்றுப் போவதும் இல்லை. எழுந்து, பேசாமல் நடந்துவிட வேண்டும். தமிழ் பேசும் எந்த வீட்டிலும் இதைப் பாடமாக யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சிறுவயதில் ஒருமுறை அம்மா கையைக் கிள்ளியிருப்பாள், அதோடு தெரிந்துவிடும். அவள் தன் ஆசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் 'போய் வருகிறேன்' என்பதைச் சொல்லித்தராத ஆண்டு இல்லை. எங்கே அதைச் சொல்லக் கூடாது என்று சேர்த்துச் சொன்ன ஆண்டும் இல்லை. அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. இறந்தவரைத் 'துஞ்சினார்' எனக் குறிப்பது போன்ற மங்கல வழக்கையும் இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் தமிழ் இலக்கணம் 'தகுதி வழக்கு' என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. அதை அவர் ஆண்டுதோறும் நடத்துகிறார். அதே தகுதியின் மறுபக்கம், சொல்லாமல் இருக்க வேண்டிய இடம், எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஜென்னி தாமஸ் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் ஒரு பகுதிக்கு விளக்கம் உண்டு. அயலார் இலக்கணப் பிழை செய்தால் கேட்பவர் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறார்: பாவம், மொழி தெரியவில்லை. சூழல் தவறிப் பேசினால் அது மொழிப்பிழையாகத் தோன்றுவதில்லை. பேசியவரின் குணமாகத் தோன்றுகிறது. சரளமாகப் பேசுகிறவருக்கு இந்த ஆபத்து அதிகம். 'நியூஸ் அக்கா' அதே வார்த்தையை அதே வீட்டில் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள். "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்க வைத்தவளை மன்னிக்கக் காரணம் இல்லை. எட்டு மாத உழைப்பில் அவள் தனக்கான சலுகையைத் தானே இழந்திருந்தாள்.

விவகாரம் இதோடு முடிந்திருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். மன்னிப்புக் கேட்கவும் செய்தாள். அக்காவும் "தெரியாம சொன்னதுதான, விடு" என்றார். ஆனால் அதற்குள் அவளுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ஒரு தொடரில் இப்படித் தவறியவள், வேறு எங்கெல்லாம் தவறியிருப்பாள்? பேசியது போகட்டும். கேட்டதில்?

அவளிடம் 22 நேர்காணல்களின் ஒலிப்பதிவு இருந்தது. ஒவ்வொருவரிடமும் இசைவு பெற்றதாக ஒரு பட்டியலும் இருந்தது. எழுத்துப் படிவத்தில் கையெழுத்திட அந்தப் பெண்கள் தயங்கியதால், வாய்மொழி இசைவே போதும் என்று ஆய்வு நெறிக்குழு அனுமதித்திருந்தது. யார், எந்தச் சொல்லில் இசைந்தார் என்பது பட்டியலின் கடைசிப் பத்தி. விடுதி அறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முதல் ஐந்து நிமிடத்தை மீண்டும் கேட்டாள்.

"உங்களோட பேசி இதுல பதிவு பண்ணலாமா?" என்று தன் குரல் கேட்கிறது. "பார்க்கலாம் பாப்பா" என்கிறது ஒரு குரல். பட்டியலில் 'இசைவு' என்று எழுதியிருந்தாள். இன்னொருவர், "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்... சரி, உக்காரு, டீ போடறேன்" என்கிறார். அதற்கும் இசைவு. "பையனுக்கு நாளைக்குப் பரீட்ச" என்று ஒருவர். "இப்பவா? ம்... ம்..." என்று மற்றொருவர். நான்கிலும் பேட்டி தொடர்ந்து நடந்திருக்கிறது. மூன்றில் பதில்கள் ஒற்றைச் சொல்லில் முடிகின்றன. கூச்ச சுபாவம் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள்.

'-லாம்' என்ற ஈறு அனுமதியையும் இயலுமையையும் குறிக்கும் என்பது பாடம். போகலாம், வரலாம், பார்க்கலாம். 'பதிவு பண்ணலாமா' என்ற வினாவுக்குப் 'பார்க்கலாம்' என்ற விடை, வடிவத்தால் கச்சிதமாகப் பொருந்தியும் விடுகிறது. வியப்பு என்னவென்றால், இந்தியில் 'தேக்தே ஹேன்' என்பதும் இதையேதான் செய்கிறது. திருமண வரனையும் கடனையும் தட்டிக்கழிக்க அவள் வீட்டார் நூறுமுறை சொல்லிக் கேட்டிருப்பாள். பாட்னாவில் எவரேனும் அப்படிச் சொல்லியிருந்தால் மறுபேச்சின்றித் திரும்பியிருப்பாள். தமிழில் கேட்டபோது மட்டும் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டாள். கற்கும் மொழிக்குள் நுழைந்ததும் தாய்மொழியில் இயல்பாக உள்ள இத்தகைய அறிவைப் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று காப்ரியேல் காஸ்பர் 1997-இல் எழுதியிருக்கிறார். அதையும் அவள் படித்திருந்தாள். படித்ததெல்லாம் சரியான நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை என்பது ஆய்வு மாணவர் எவருக்கும் தெரிந்த துயரம்.

இதைக் காட்டியபோது ஆசிரியர் நன்னூலை எடுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் விடையை எட்டாக வகுத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். இறுதி ஐந்தும் கேட்ட வினாவுக்கு நேராக விடை சொல்லாவிட்டாலும் விடையின் பொருளை உணர்த்துவன. நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கேட்டால் 'பையனுக்குக் காய்ச்சல்' என்பது உற்றது உரைத்தல்; வரமாட்டாள் என்று பொருள். கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் உரைகளாக நிகழ்த்தி 1975-இல் வெளியான உட்பொருள் கோட்பாட்டோடு இதைச் சமமாக வைத்து முரசு கொட்ட வேண்டியதில்லை. கிரைஸ் அந்தப் பொருள் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டார், பவணந்தியார் வகைப்படுத்தினார். ஆனால் கையில் இருக்கும் இந்த எட்டு வகையைத் தமிழ் கற்கும் பிறமொழியாளருக்குச் செவிப்பயிற்சியாகக் கொடுக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியர் அந்தப் பட்டியலை மனப்பாடப் பகுதியில் வைத்திருந்தார். ஐந்து மதிப்பெண் வினா. அவள் ஐந்தும் பெற்றிருந்தாள்.

பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவு மொழி பற்றி 1978-இல் எழுதி 1987-இல் தனி நூலாக்கிய ஆய்வுக்கு அடிப்படையான மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சேகரித்த தமிழ். பிறர் முகம் கெடாமல் பேசுவதற்கு மனிதர்கள் எடுக்கும் வழிகளே அந்த நூலின் பொருள். தமிழில் இதற்கு நெடுங்காலமாகவே ஒரு சொல் உண்டு: முகதாட்சண்யம். நேரில் வந்து நிற்கிறவரிடம் இல்லை என்று சொல்ல முடியாமை. அந்த நான்கு பெண்களும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள், அவள் முகம் வாடாத விதத்தில். நாள் முழுவதும் வேலை செய்யும் வீடுகளில் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அவள் அக்காவிடம் நேராகக் கேட்டாள். நான்கு பெயர்களையும் சொல்லி, அவர்களுக்கு அன்று விருப்பம் இருந்ததா என்று. அக்கா முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "அவளுங்களுக்கு இஷ்டம் இல்ல. வேல பண்ற வூட்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம். உனக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சாங்க. நம்மள மாதிரியே பேசுறியே நீ. புரிஞ்சும் உக்காந்துக்கினு கேக்குறாளேன்னு சொன்னாளுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினாள், இந்தியில் மொழிபெயர்க்கவில்லை.

நெறியாளர் நியாயமான ஐயங்களை எழுப்பினார். 22 என்பதே சிறிய எண்ணிக்கை. அதில் நான்கு போனால் ஓர் இயல் மெலிந்துவிடும். பதிவுக் கருவி மேசைமேல் இருந்தது, அவர்களும் பேசினார்கள். அது இசைவு ஆகாதா? ஆகாது என்று அவளால் நிறுவ முடிந்தது. அதற்குத் தமிழில் பதினொரு பக்கக் குறிப்பும் இந்தியில் அதன் சுருக்கமும் தேவைப்பட்டன. நான்கு ஒலிப்பதிவுகளையும் அழித்துவிட்டு, அழித்த செய்தியை நால்வரிடமும் போய்ச் சொன்னாள். ஒருவர் "அய்யோ, எதுக்கு பாப்பா" என்றார். ஒருவர் தலையசைத்தார். மற்ற இருவரும் டீ போட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவள் அந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள், கருவி இல்லாமல். ரேஷன் அரிசி, மெட்ரோ டிக்கெட், ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வாங்கிய சிமெண்ட் என்று பேச்சு போகும். கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒரு கணம் தயங்குவாள். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறார்களா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டுதான் "போயிட்டு வரேன்" என்பாள். ஏப்ரலில் ஒருநாள், டீ போட்ட இருவரில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "என்ன பாப்பா, உன் மிஷின எடுத்துனு வர்ரதே இல்லயா இப்பல்லாம்?"

அடுத்த வாரம் எடுத்துச் சென்றாள். இரண்டு மணி நேரம் பேசினார். மற்ற மூவரும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் அவர்கள் இல்லை.